கீமோவில் இருக்கும் பிள்ளைக்குப் பூஞ்சைத் தொற்று: எதை முதலில், எதைப் பிறகு

மகள் டிஸ்சார்ஜ் ஆகி வரும் அன்று காலையில்தான் வீட்டைக் கழுவினேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்னும் ஊரில் எங்கள் பிளாட்டில் காற்றாடி இறக்கையைத் துடைத்தேன், அலமாரி மேல் கிடந்த பெட்டிகளை இறக்கினேன், காய்ந்த விளக்குமாற்றால் மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன். முடித்தபோது மணி 11. அவள் 12 மணிக்கு வந்துவிட்டாள். நான் கிளப்பிய தூசி அப்போதும் அறைக்குள்தான் மிதந்துகொண்டிருந்தது.

இரண்டாம் கீமோ சுழற்சியில் அவளுக்கு நுரையீரலில் பூஞ்சை வந்தது. அன்றைய தூசிதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. வேலை சரியானதுதான், செய்த நேரம்தான் தப்பு. அதன் பிறகு வார்டுக்குப் புதிதாக வரும் அம்மா அப்பாக்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இதையே பார்க்கிறேன். அவர்களும் எல்லாம் செய்கிறார்கள், ஆனால் முன்பின்னாகச் செய்கிறார்கள். காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சூடு பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்கும் முன்பே காலை மருந்தை ஊட்டிவிடுகிறார்கள். அதனால்தான் இதை வரிசைப்படி எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. இங்கே வரும் எண்களுக்கும் உங்கள் வார்டு தந்த எண்களுக்கும் வேறுபாடு இருந்தால் வார்டு சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

1. வீட்டுக்கு வருமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. ஒன்றின் பேட்டரி தீர்வது எப்போதும் நள்ளிரவு 2 மணிக்குத்தான்.

ஒரு 555 நோட்டு. அந்தச் சின்ன நோட்டு சட்டைப்பையில் அடங்கும், ஈரக் கையோடும் எழுதலாம். தேதி, நேரம், சூடு, கொடுத்த மருந்து, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதினால், அது சார்ஜில் கிடக்கும்போது டாக்டர் வந்து கேட்பார்.

வார்டின் நேரடி எண். மருத்துவமனையின் பொது எண் இரவில் மணியடித்துக்கொண்டே இருக்கும். டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடும்போதே மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) கேட்டு வாங்கி, வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் ஏற்றுங்கள், ஐஸ்பெட்டிக் கதவிலும் ஒட்டுங்கள்.

கட்டி வைத்த ஒரு பை. அதில் மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), சிகிச்சைப் புத்தகம், கடைசி ரத்த ரிப்போர்ட், மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், இரண்டு செட் துணி, சார்ஜர். லைன், அதாவது மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாய்க்குள் விட்ட குழாய், வைத்திருக்கும் பிள்ளை என்றால் அதை இறுக்கி மூட மிஸ்ஸி கொடுத்த கிளாம்ப்பும் பையில் இருக்கட்டும்.

பினாங்குத் தீவில் இல்லாமல் பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் எப்போதும் பணம் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். 39 டிகிரி சூட்டோடு பிள்ளையைப் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு பினாங்குப் பாலத்து டோல் சாவடியில் அட்டை வேலை செய்யாமல் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும்.

2. நியூட்ரோபில் எண்ணை நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பூஞ்சையை உடம்பில் முக்கியமாக எதிர்ப்பது நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணு. கீமோ அதைத்தான் கீழே தள்ளுகிறது. பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இந்த எண்ணைப் பொறுத்தவை என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

புதியவர்கள் மொத்த வெள்ளை அணு எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதுவன்று. மொத்தத்தை நியூட்ரோபில் விழுக்காட்டால் பெருக்க வேண்டும். வெள்ளை அணு 1.2, நியூட்ரோபில் 30 விழுக்காடு என்றால் கிடைப்பது 0.36. நம் ரிப்போர்ட்டில் 0.5-க்குக் கீழே, அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால், எச்சரிக்கைக் காலம் தொடங்கிவிட்டது. சில ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கைத் தனி வரியாகவே போட்டிருப்பார்கள்.

எண் எவ்வளவு கீழே போகிறது என்பதைவிட எத்தனை நாள் கீழேயே கிடக்கிறது என்பதுதான் பூஞ்சை விஷயத்தில் பெரிது. நாலைந்து நாள் தாழ்ந்து எழுந்துவிடும் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. 10 நாளைத் தாண்டினால் கூடுகிறது. ஏ.எம்.எல். ரத்தப் புற்று, திரும்பி வந்த ரத்தப் புற்று, வேறொருவரின் எலும்பு மஜ்ஜை பெற்ற பிள்ளைகள் ஆகியோர் உயர் ஆபத்துப் பட்டியலில் வருகிறார்கள். பெரும்பாலான கட்டிப் புற்றுகளுக்கும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுகளுக்கும் ஆபத்து குறைவு. ஏ.எல்.எல். என்னும் இன்னொரு வகை ரத்தப் புற்றுள்ள பிள்ளைகள் நடுவில் நிற்கிறார்கள். எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள், எவ்வளவு ஸ்டீராய்டு ஓடுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “இந்தச் சுழற்சியில் இவள் 0.5-க்குக் கீழே எத்தனை நாள் இருப்பாள்?” பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வீட்டில் எவ்வளவு கெடுபிடி வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கெடுபிடி என்று வைத்தால் மூன்றாம் மாதம் வீடே சோர்ந்து, தேவையான நாளில் கை தளர்ந்துவிடும்.

3. பூஞ்சை எந்த வாசல் வழியாக வருகிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தெரிந்தால் பின்னால் வரும் படிகளுக்கு நீங்களே காரணம் கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

கேண்டிடா என்னும் பூஞ்சை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் ஏற்கெனவே குடியிருப்பது அது. கீமோவால் வாயும் குடலும் புண்ணாகும்போது அந்தப் புண் வழியாகவோ, லைன் வழியாகவோ ரத்தத்துக்குள் இறங்குகிறது.

ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை காற்றில் வருகிறது. மண், மக்கிய இலை, ஈரச் சுவர், கட்டட வேலைத் தூசி எல்லாவற்றிலும் அதன் வித்துகள் உண்டு. ஒரு வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். மூக்கில் தங்காமல் நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். நீங்களும் நானும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம். நமக்கு நியூட்ரோபில் இருக்கிறது, அவ்வளவுதான். இதே வழியாக வரும் மியூகோர் என்னும் பூஞ்சை அரிது, ஆனால் மிக வேகமாகப் பரவும்.

நிமோசிஸ்டிஸ் என்பதும் பூஞ்சைதான். நுரையீரலைத் தாக்கும். இதைத் தடுக்கத்தான் கோ-ட்ரைமாக்சசோல் தருகிறார்கள். இதைப் பற்றி 7-ஆம் படியில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

4. வீடு: பிள்ளை வருமுன், ஈரத்துணியோடு

வீட்டுவேலையை இரண்டு நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கிளம்பிய தூசி அடங்க நேரம் வேண்டும். அதன் பிறகு தரையை ஒருமுறை ஈரமாகத் துடைத்தால்தான் அடங்கியதை எடுத்ததாக அர்த்தம்.

மேலிருந்து கீழே வாருங்கள்: காற்றாடி, அலமாரித் தலை, சன்னல், கட்டில், கடைசியில் தரை. எல்லாம் ஈரத்துணியால். காய்ந்த விளக்குமாறும் இறகுத் துடைப்பமும் தூசியை எடுப்பதில்லை, இடம்தான் மாற்றுகின்றன. பிள்ளை வந்த பிறகும் தினசரித் துடைப்பு ஈரமாகத்தான் இருக்க வேண்டும், அந்த நேரம் அவள் வேறு அறையில் இருக்க வேண்டும்.

ஏர்கோன் சர்வீஸை இதற்கும் முன்னால் வையுங்கள். மூடியைக் கழற்றிக் கழுவும்போது உள்ளிருந்து வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தாலே காரணம் புரியும். பிள்ளை தூங்கும் அறையில் அவள் இருக்கும்போது சர்வீஸ்காரரை அழைத்து வேலை பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம் ஊர் பிளாட்டுகளில் பெரிய தொல்லை ஈரச் சுவர். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகும், சுவரில் கறுப்புப் புள்ளி வரும், நாம் அதன்மேல் பெயின்ட் அடிப்போம். ஒழுகலை நிறுத்தாமல் பெயின்ட் அடிப்பது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். முடிந்தால் ஒழுகலைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் அந்த அறையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பூசணத்தைச் சுரண்டி எடுப்பதாக இருந்தால் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் செய்யுங்கள். சுரண்டும்போதுதான் வித்துகள் மொத்தமாகப் பறக்கும்.

பக்கத்து வீட்டு ரெனோவேஷன் உங்கள் கையில் இல்லை. ஆனாலும் நிர்வாகத்திடம் போய், என்றைக்குச் சுவர் இடிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். அந்த நாட்களில் சன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு வையுங்கள். சித்தி வீடு, மாமா வீடு இருந்தால் அங்கே போய்விடுவது இன்னும் நல்லது. மருத்துவமனையிலேயே கட்டட வேலை நடந்தால், எக்ஸ்ரே எடுக்கப் போகும் வழியை மாற்றச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். நடைபாதையைக் கடக்கும்போது பிள்ளைக்குப் பொருந்துகிற அளவில் என்95 முகக்கவசம் போடுங்கள். இறுக்கம் இல்லாத கவசம் கவசமே இல்லை. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிய நாளிலும் வெளியே போவதைக் குறையுங்கள். புகை நுரையீரலை ஏற்கெனவே எரிச்சலாக்கி வைத்திருக்கும்.

தொட்டிச் செடிகள் வீட்டுக்கு வெளியே போகட்டும். துளசி மாடமும்தான். பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார். செடியை எடுக்கச் சொல்லாதீர்கள், மண்ணைக் கிளறும் வேலையைப் பிள்ளை இருக்கும் பக்கம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் சொல் எடுபடும். சாமி படத்துக்கு வைத்த பூ வாடியதும் அன்றே போய்விட வேண்டும். பூச்சாடித் தண்ணீரை மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

காற்றைச் சுத்திகரிக்கும் கருவி வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். காசு இருந்தால் வாங்குங்கள். தூசியும் ஈரமும் போன பிறகுதான் அதற்கு வேலை. அவை இருக்கும் அறையில் அதை ஓட்டுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது போல.

5. லைன், வாய், விபூதி

லைன் கட்டு நனையக் கூடாது, உரியக் கூடாது. குளிக்கும்போது தண்ணீருக்குள் அமிழ்த்தக் கூடாது. ஓரம் கிளம்பியிருந்தால் மேலே இன்னொரு பிளாஸ்டரை ஒட்டி மறைக்காமல் வார்டுக்குப் போய் மாற்றுங்கள். அடியில் வியர்வை தேங்கினால் அதுவே கேண்டிடாவுக்கு வசதி.

லைனை ஃபிளஷ் செய்த, அதாவது ஊசியால் நீர் ஏற்றி உட்புறம் கழுவிய, அரைமணி, ஒருமணிக்குள் பிள்ளை நடுங்கினால், சூடு ஏறினால், கிருமி லைனுக்குள்தான் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே மருத்துவமனை. “ஃபிளஷ் பண்ணினதும் நடுங்கினாள்” என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வரி பாதி நோயறிதல்.

வாய்க்கு மென்மையான தூரிகை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளிப்பு. வாய்ப் பூஞ்சைக்கு நிஸ்டட்டின் சொட்டு கொடுத்திருந்தால், வாய் சுத்தம் செய்த பிறகு அதை ஊற்றி, முடிந்தவரை வாயில் சுழற்ற வைத்து விழுங்கச் சொல்லுங்கள். பிறகு அரைமணி நேரம் எதுவும் கொடுக்காதீர்கள். மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பால் கொடுத்தால் அது கழுவிக்கொண்டு போய்விடும். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால், விழுங்க வலிக்கிறது என்றால், அடுத்த வருகைவரை காத்திருக்க வேண்டாம்.

விபூதியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். நெற்றியில் பூசலாம். வாயில் ஒரு சிட்டிகை போடும் வழக்கம் வேண்டாம், லைன் கட்டுக்கு அருகே ஊதி விடுவதும் வேண்டாம். கோயில் தட்டில் பத்துப் பேர் கை வைத்ததை விட்டுவிட்டு, புதிதாகப் பிரித்த பொட்டலத்திலிருந்து பூசுங்கள். தீர்த்தமும் இந்தக் காலத்தில் பெற்றோருக்கு மட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் ஏறலாமா என்றால், எண் நன்றாக இருக்கும் வாரமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூட்டத்தில் சளிக் காய்ச்சல் ஒட்டும் என்பதுதான் அங்கே முதல் கவலை, பூஞ்சை அதற்கு அடுத்துத்தான்.

6. சாப்பாடு

இதற்கு மக்கள் கொடுக்கும் கவனத்தில் பாதியைத் தூசிக்குக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம். பச்சைக் காய் பழம் எதுவும் கூடாது என்கிற கடுமையான பத்தியம் தொற்றைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. சுத்தமாகக் கழுவி, நன்றாக வேகவைத்து, சூடாகச் சாப்பிடுவதுதான் அடிப்படை.

எண் தாழ்ந்த நாட்களில் விட வேண்டியவை: பூசணம் தட்டிய ரொட்டி (ஒரு மூலையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கக் கூடாது), பழைய கச்சான் (வேர்க்கடலை), தாப்பாய் (புளிக்க வைத்த சோறு), கடையில் திறந்து கிடக்கும் பசெம்பூர் (காய்கறிக் கலவை), பச்சை உலாம் (வேகாத கீரை). மிளகுத்தூளில் பூஞ்சை வித்துகள் இருக்கும். ரசத்தை இறக்கிய பிறகு தூவாமல் கொதிக்கும்போதே போடுங்கள். வெந்த இட்லிக்கு எந்தத் தடையும் இல்லை.

பாலிக் பூலாவ் டுரியான் சீசனில் ஒரு சண்டை நிச்சயம் வரும். பழத்தைவிடத் தோட்டம்தான் எனக்குப் பயம். மக்கிய இலைமேல் நடப்பதும் அதைக் கிளறுவதும் வேண்டாம். வேறு யாராவது வெளியே உடைத்து, சுளையை மட்டும் சுத்தமான தட்டில் கொண்டு வரலாமா என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கிளினிக்கில் கொடுக்கும் புரோபயாட்டிக் பொட்டலங்களைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிலவற்றில் இருப்பது உயிருள்ள ஈஸ்ட், அதாவது பூஞ்சையேதான். லைன் வைத்த பிள்ளைகளின் ரத்தத்தில் அந்த ஈஸ்ட் ஏறிய சம்பவங்கள் உண்டு. பொட்டலத்தைப் பிரித்த கை லைனைத் தொட்டாலே போதும். நாட்டு மருந்துப் பொடி, ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்து இரண்டுக்கும் இதே பதில்தான்.

7. தடுப்பு மருந்து: பெயர், நேரம், எதனோடு சேராது

எல்லாப் பிள்ளைக்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கொடுக்க மாட்டார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், என் பிள்ளைக்கு இல்லையே என்று கோபப்படுவதற்கு முன் 2-ஆம் படியைத் திரும்பப் படியுங்கள். ஏ.எம்.எல். பிள்ளைக்குப் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஏ.எல்.எல். பிள்ளைக்குத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் வின்கிரிஸ்டின் என்னும் கீமோ மருந்து.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வோரிகோனசோல், போசகோனசோல், இட்ராகோனசோல் ஆகிய பூஞ்சை மருந்துகள் வின்கிரிஸ்டின் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும். வின்கிரிஸ்டின் தேங்கினால் நரம்பு பாதிக்கும்: கடுமையான மலச்சிக்கல், தாடை வலி, கால் இழுபடுதல், சிலருக்கு வலிப்பு. வேறு மருத்துவமனையிலோ தனியார் கிளினிக்கிலோ வாய்ப்புண்ணுக்கு என்று பூஞ்சை மாத்திரை எழுதினால், வாங்குமுன் புற்றுநோய் வார்டுக்குப் போன் பண்ணுங்கள். வாங்கிக் கொடுத்த பிறகு போன் பண்ணிப் பயன் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் மிகுதியாகத் தடுக்கி விழுகிறார்கள். வோரிகோனசோல் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னாலோ 2 மணி நேரம் பின்னாலோ. போசகோனசோல் சாப்பாட்டோடு. இட்ராகோனசோல் சிரப் என்றால் வெறும் வயிறு, அதே மருந்து கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் ஒரு வாரம் கழித்து எல்லாம் குழம்பும். மருந்துப் புட்டியிலேயே தமிழில் ‘சாப்பிட்டு’, ‘சாப்பிடாமல்’ என்று ஒட்டி வையுங்கள்.

வோரிகோனசோல் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சில நாள் கழித்துப் பார்ப்பார்கள். பிள்ளைக்குப் பிள்ளை அது வெகுவாக மாறும். அந்த ரத்தத்தை அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். அன்றைக்குக் காலை மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். வீட்டிலேயே ஊட்டிவிட்டுப் போனால் எண் பொய் சொல்லும். இந்த மருந்து எடுக்கும் பிள்ளைக்கு வெயிலில் தோல் சட்டென்று கருகும், சில நேரம் கண் கூசும். கண் கூசுவது பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனாலும் சொல்லுங்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும்.

கோ-ட்ரைமாக்சசோல் வாரத்தில் 2 அல்லது 3 நாள்தான் வரும். வாரத்தில் சில நாள் மட்டும் என்பதாலேயே மறந்துபோகிறது. “அது சத்து மாத்திரை மாதிரிதானே” என்று விட்டவர்களும் உண்டு. அது நிமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கும் மருந்து. காலண்டரில் அந்த நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாகக் கொடுக்காமல் வார்டைக் கேளுங்கள்.

8. காய்ச்சல்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

என் இரண்டாவது தப்பு இங்கே. இரவு 10 மணிக்கு 37.9. களைத்துப்போன பிள்ளை நன்றாகத் தூங்கட்டும் என்று பனடோல் கொடுத்தேன். சூடு இறங்கியது, நானும் தூங்கினேன். விடியற்காலை 5 மணிக்குக் கட்டில் ஆடுகிற அளவு நடுங்கினாள். காய்ச்சல் தணியவே இல்லை, என் கண்ணுக்குத்தான் மறைந்திருந்தது.

முதலில் சூடு பாருங்கள். அக்குளிலோ காதிலோ. ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கவே கூடாது. அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் குடல் கிருமி ரத்தத்தில் இறங்கும். எண் வார்டு சொன்ன எல்லையைத் தொட்டதா? பல இடங்களில் ஒருமுறை 38.3, அல்லது 38.0 ஒரு மணி நேரம் நீடித்தால் என்பது கணக்கு. உங்கள் வார்டு வேறு எண் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, நோட்டில் எழுதுங்கள். மூன்றாவது, வார்டுக்குப் போன். பனடோல் பற்றி அவர்களே சொல்லட்டும். நான்காவது, பையை எடுத்துக் கிளம்புங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். பாலத்தில் நெரிசல் நேரம் என்றால் அதையும் போனில் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ பிள்ளை துவண்டாலோ 999.

அவசரப் பிரிவில் பேசும் முதல் வாக்கியம்தான் உங்களை வரிசையின் முன்னால் கொண்டுபோகும். மலாயில் மனப்பாடம் செய்து வையுங்கள்: “அனாக் சயா கீமோதெராபி, டெமாம், அடா சென்ட்ரல் லைன்.” (என் பிள்ளை கீமோவில், காய்ச்சல், லைன் இருக்கிறது.) காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வந்து சேர்ந்த 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பதே குறி. அதற்கு முன் லைனிலிருந்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ரத்தம் எடுப்பார்கள். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம்.

ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலே வராமலும் தொற்று இருக்கலாம். அதனால் சூட்டை மட்டும் நம்பாதீர்கள். விடாத இருமல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், முகம் ஒரு பக்கம் வலித்து வீங்குதல், மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புத் திட்டு, தோலில் வலிக்கும் சிவப்புக் கட்டிகள், திடீர்த் தலைவலி, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் சூடு 36.8 என்றாலும் கிளம்புங்கள். கறுப்புத் திட்டு என்றால் நாளை காலை என்ற பேச்சே வேண்டாம்.

9. நான்காம் நாள் வார்டில் என்ன நடக்கிறது

ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது, காய்ச்சல் விடவில்லை. உயர் ஆபத்துப் பிள்ளைக்கு 96 மணி நேரம் தாண்டினால் பூஞ்சையைத் தேடத் தொடங்குவார்கள். “முதல் நாளே பூஞ்சை மருந்தும் போட்டிருக்கலாமே?” என்று கேட்காத பெற்றோர் இல்லை. முதல் நாள் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் பாக்டீரியாதான் சந்தேகம், அது சில மணி நேரத்தில் உயிருக்கு உலை வைக்கும். பூஞ்சை மருந்துகளோ சிறுநீரகத்தையும் ஈரலையும் உரசிப் பார்ப்பவை. அதனால் இந்த வரிசை.

நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததே என்று வாதாடாதீர்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருப்பது வழக்கம். வயிற்றுக்கும் ஸ்கேன் பார்க்கலாம். சின்னப் பிள்ளைக்கு மயக்கம் கொடுப்பார்கள் என்றால் எத்தனை மணியிலிருந்து பட்டினி என்று முதல் நாள் இரவே கேளுங்கள். காலையில் ஒரு மிடறு மைலோ கொடுத்துவிட்டால் அன்றைய ஸ்கேன் போய்விடும்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்பது பூஞ்சை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஆஸ்பர்ஜில்லஸ் ரத்தத்தில் வளர்வது அரிது. கேண்டிடாகூடப் பலமுறை பிடிபடாது. அதனால்தான் நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்த நீரைச் சோதிக்கலாம் என்று கேட்பார்கள். பயமாக இருக்கும். ஆனால் எந்தப் பூஞ்சை என்று தெரிந்தால் மருந்து சரியாக அமையும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்தான வோரிகோனசோல் மியூகோரைத் தொடுவதில்லை.

சோதனை முடிவு வருமுன்பே காஸ்போஃபங்கின் அல்லது லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சை மருந்தைத் தொடங்குவார்கள். ஆம்போடெரிசின் ஏறும்போது நடுக்கமும் சூடும் வரலாம், மிஸ்ஸியை உடனே கூப்பிடுங்கள். அது பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்து வெளியேற்றும். தினம் ரத்தம் எடுப்பது அதற்குத்தான். எவ்வளவு குடித்தாள், எவ்வளவு சிறுநீர் போனாள் என்று விடாமல் குறித்து வையுங்கள்.

ரத்தத்தில் கேண்டிடா என்று உறுதியானால் லைனை எடுக்கச் சொல்வார்கள். நல்ல லைனை ஏன் எடுக்கிறார்கள் என்று மறுக்க வேண்டாம். அதன் உட்சுவரில் பூஞ்சை படிந்துவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. கண்ணையும் பரிசோதிப்பார்கள்.

10. மருந்து தொடங்கிய பின்

காய்ச்சல் நின்றாலும் மருந்து நிற்காது. ரத்தத்தில் கேண்டிடா என்றால் கல்ச்சர் சுத்தமான நாளிலிருந்து குறைந்தது 14 நாள். நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் குறைந்தது 6 முதல் 12 வாரம், பலருக்கு இன்னும் நீளும். வீட்டுக்கு மாத்திரையாகக் கொடுத்து அனுப்பும்போதுதான் பாதியில் நிறுத்துகிறார்கள். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததுக்குச் சொல்லி வையுங்கள். சிறிய மருந்தகங்களில் இவை கிடைப்பதில்லை.

இதை யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் இரண்டு இரவு அழுதிருக்க மாட்டேன்: நியூட்ரோபில் ஏறத் தொடங்கும் நாட்களில் எடுத்த சி.டி.யில் புண் பெரிதாகத் தெரியலாம். மருந்து தோற்றதாக அர்த்தம் இல்லை. படை வந்து சேர்ந்த இடத்தில் சண்டை சூடாகிறது. அதே நாட்களில்தான் சளியில் ரத்தம் வரும் ஆபத்தும் கூடுதல். துளி ரத்தமானாலும் சொல்லுங்கள்.

கீமோ தள்ளிப்போகும். புற்று திரும்பிவிடுமோ என்று மனம் பதறும். எத்தனை நாள் தள்ளலாம் என்பதை டாக்டர்கள் இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பூஞ்சை முழுவதும் மறையும்வரை எப்போதும் காத்திருப்பதில்லை, மருந்தின் காவலோடு கீமோவைத் தொடர்வதும் உண்டு.

ஒருமுறை பூஞ்சை வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த சுழற்சிகளிலும் அது தலைதூக்கலாம். எண் தாழும் ஒவ்வொரு முறையும் தடுப்பு மருந்து வேண்டியிருக்கும். வார்டு டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பழைய கோப்பு தடிமனாக இருக்கும். அதனால் அட்மிட் ஆகும் நாளில் புது டாக்டர் வாய் திறக்குமுன் 555 நோட்டைத் திறந்து, எந்த மாதம், எந்தப் பூஞ்சை, எந்த மருந்து, கடைசி சி.டி. எப்போது என்ற பக்கத்தைக் காட்டுங்கள். பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.